மாதம் ஒரு வெள்ளிக்காசு: விற்கும் நாளில் எவ்வளவு தேறும்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாக மாதம் தவறாமல் 10 கிராம் வெள்ளிக்காசு ஒன்று வாங்குகிறேன். 24 காசு சேர்ந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்காகத்தான் இந்தச் சேமிப்பு. இனி மாதம் 5,000 ரூபாயை வெள்ளியில் போட நினைக்கிறேன். 10 கிராம் காசாகவே தொடரலாமா, 100 கிராமாக வாங்கலாமா? லட்சுமி உருவம் உள்ளதா, வெறும் காசா, எது நல்லது?

பதில்: இரண்டு வருடம் ஒரு மாதம்கூட விடாமல் சேர்ப்பது சின்ன விஷயமில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் எதை வாங்குவது என்பதை மாற்றியாக வேண்டும்.

உங்கள் காசு ஒன்றையும் அதன் பில்லையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கணக்கு எழுதுபவர், பில்லைப் பார்த்ததும் புரிந்துவிடும். எளிமைக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராமுக்கு வெள்ளி விலை 1,000. செய்கூலி 120 என்றால் 1,120. அதன்மேல் 3% ஜி.எஸ்.டி. சேர்த்து நீங்கள் கொடுப்பது 1,153 ரூபாய் 60 பைசா. மறுநாளே அதை விற்கப் போனால் செய்கூலியும் வரியும் திரும்பி வராது. வெள்ளி விலையிலும் கடைக்காரர் 5% கழித்தால் கையில் தேறுவது 950. அதாவது வெள்ளி 21 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும். இதே கணக்கை 100 கிராமுக்குப் போடுங்கள். செய்கூலி 400 என்றால் மொத்தம் 10,712 ஆகிறது, விற்றால் 9,500. சுமார் 13% ஏறினால் போதும். செய்கூலியும் கழிவும் கடைக்குக் கடை மாறும், உங்கள் பில்லில் உள்ள எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். காசு சிறிதாகச் சிறிதாகக் கிராமுக்கு விழும் கூலி கூடும் என்பது மட்டும் மாறாது. பில்லில் செய்கூலியைத் தனியாகக் காட்டாமல் ‘காசு ஒன்று இவ்வளவு’ என்று போட்டிருந்தால், அன்றைய கிராம் விலையைப் பத்தால் பெருக்கிக் கழித்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் கூலி தெரிந்துவிடும்.

உருவம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லட்சுமி, பிள்ளையார், வண்ணம் தீட்டிய காசு எதுவானாலும் விற்கும்போது அது வெறும் எடைதான். பூஜைக்கு என்றால் மனம்போல் வாங்குங்கள். சேமிப்புக்கு என்றால் செய்கூலி குறைந்த, 999 (99.9% தூய வெள்ளி) முத்திரையுள்ள வெறும் காசு போதும். அரசு நாணயச்சாலை வெளியிடும் நினைவு நாணயங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வந்த 1,000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை, அதில் வெள்ளி 80% தான். எனக்கு மிகவும் பிடித்த நாணயம் அது. ஆனாலும் அது சேகரிப்பவர்களுக்கானது.

என் பெரியம்மா பல வருடங்களாகச் சேர்த்த காசுகளை விற்க அவரோடு நானும் போயிருந்தேன். பாதிக் காசுகளின் உறையைப் பிரித்துத் தீபாவளி பூஜையில் வைத்திருந்தார். விளிம்பில் குங்குமம் ஏறியிருந்தது. கடைக்காரர் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்க கடைக் காசு இல்லைம்மா, உருக்கித்தான் பார்க்கணும்” என்றார். பில் ஒன்றுகூட இல்லை. உறை பிரிக்காதவற்றுக்கு ஒரு விலை, பிரித்தவற்றுக்கு ஒரு விலை என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று பெரியம்மாவின் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை. தங்க நகைக்கு 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது. வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் ஹால்மார்க்கோடு ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் வந்தபோதும் விருப்பத்தின் பேரில்தான் வந்தது. அதனால் வெள்ளியில் பில்லும் பிரிக்காத உறையும்தான் உங்கள் சாட்சி. வாங்கும் முன்பே கடையில் கேளுங்கள்: “இதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை சதவீதம் கழிப்பீர்கள், பணமாகத் தருவீர்களா?” மாற்று நகைதான் தருவோம் என்றால் அந்தக் கடை வேண்டாம். வங்கியில் வாங்கும் காசை வங்கி திரும்ப வாங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

காசுக்கு ஒரு நன்மை உண்டு. ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்து 2026 ஏப்ரலிலிருந்து நடைமுறை என்று சொன்ன விதிகளின்படி, ஒருவர் 500 கிராம் வரை வெள்ளிக்காசை அடகு வைக்கலாம். கட்டி வெள்ளிக்கும் வெள்ளி இ.டி.எஃப்.புக்கும் (பங்குச்சந்தையில் யூனிட்டாக வாங்கும் வெள்ளி நிதி) கடன் கிடையாது. அவசரத்துக்கு என்று பார்த்தால் உங்களிடம் இருக்கும் 240 கிராம் நல்ல கையிருப்பு.

முழு 5,000-ஐயும் வெள்ளியில் போடுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வெள்ளிக்கான தேவையில் பாதிக்கும் மேல் சூரிய மின்தகடு, மின்னணுப் பொருள் போன்ற தொழில்களிலிருந்து வருகிறது. அதனால் விலை தங்கத்தைவிட வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 50 டாலரை நெருங்கிய வெள்ளி, அந்த உயரத்தைத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். 2011 ஏப்ரலில் 48 டாலரைத் தொட்டது, 2015 முடிவில் 14 டாலருக்கு வந்துவிட்டது. கல்லூரிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் இப்படி ஒரு சரிவில் மாட்டினால் உங்கள் மகளால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது.

ஆகவே வெள்ளிக்கு மாதம் 1,000 ரூபாய் போதும். அதையும் வெள்ளி இ.டி.எஃப்.பில் போடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து இவை கிடைக்கின்றன. செய்கூலி இல்லை, பாதுகாக்கும் கவலையும் இல்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கு வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: 2025 அக்டோபரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது யூனிட்டின் சந்தை விலை அதன் உண்மை மதிப்பைவிட (என்.ஏ.வி.) மிக மேலே போனது. வாங்கும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லாப வரியிலும் வித்தியாசம் உண்டு. காசை 24 மாதத்துக்கு மேலும் இ.டி.எஃப்.பை 12 மாதத்துக்கு மேலும் வைத்திருந்து விற்றால் 12.5%. அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும்.

மீதி 4,000 ரூபாய்க்கு, மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதுதான் முதல் இடம். படிப்புக்காக 18 வயதில் இருப்பில் பாதி வரை எடுக்கலாம். கணக்கை 10 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அஞ்சலக ஆர்.டி.யில் (மாதத் தொடர் வைப்பு) 2,500, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் போடும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 1,500 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஃபண்டில் உள்ளதையும் வெள்ளியையும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புநிதிக்கு மாற்றிவிடுங்கள்.

கையில் இருக்கும் 24 காசையும் இப்போது விற்க வேண்டாம். உறையோடு, பில்லோடு, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். கறுத்துப்போனாலும் விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பதால் வெள்ளியின் மதிப்பு குறையாது, தேய்த்தால் எடை குறையும்.