'மேலே ஈர்ப்பே இல்லை' என்று சார்ட்டில் எழுதாதீர்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சாஸ்திர மேளாவுக்கு (பள்ளி அறிவியல் கண்காட்சி) 'விண்வெளி நிலையத்தில் ஒரு நாள்' என்று பிள்ளைகள் தலைப்பு எடுத்திருக்கிறார்கள். சார்ட் ஒட்டுவதோடு நிற்காமல் செய்து காட்ட ஏதாவது வேண்டும். கையில் 300 ரூபாய்தான் இருக்கிறது. அங்கே எப்படிச் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், கக்கூஸ் போவார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்லலாம்?

பதில்: டீச்சர், 'விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை' என்ற வரி சார்ட்டில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையம், அதற்குள் இருக்கும் ஆள், அவர் கை ஸ்பூன் எல்லாம் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கின்றன. மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் போவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. எதுவும் எதன்மேலும் அழுந்துவதில்லை. எடையின்மை என்பது அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அடியிலிருந்து 3 செ.மீ. மேலே, பக்கவாட்டில், சூடான ஆணியால் 4 அல்லது 5 மி.மீ. துளை போடுங்கள் (ஆணி வேலையை நீங்களே செய்யுங்கள்). துளையை டேப்பால் மூடி, முக்கால்வாசி நிரப்பி, மூடியைக் கழற்றிவிடுங்கள். பெஞ்சு மேல் நிற்கும் பிள்ளை பாட்டிலை 2 மீட்டர் உயரத்தில் பிடிக்க, டேப்பை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். இப்போது கையை விட வேண்டும். விழுகிற 0.64 விநாடியும் துளையிலிருந்து ஒரு சொட்டு வராது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது என்பதால் போனில் ஸ்லோமோஷன் வைத்துப் படமெடுங்கள். விநாடிக்கு 240 படம் எடுக்கும் போனில் இந்த விழுதல் மட்டும் 150 படங்களுக்கு மேல் வரும்.

சொதப்புவது மூன்று இடத்தில். மூடியைக் கழற்ற மறந்தால், கையில் பிடித்திருக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். உள்ளே காற்று போக வழியில்லாததால் நிற்பது அது, பார்ப்பவர் தப்பாகப் புரிந்துகொள்வார். விடும்போது விரல் தட்டிப் பாட்டில் சுழன்றால் சுழற்சியே தண்ணீரை வெளியே தள்ளும். கழுத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரே சமயத்தில் விட வேண்டும். மூன்றாவது நம்மூர்ச் சங்கதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நாளில் வெளி மைதானத்தில் செய்தால் பாட்டிலில் வழிந்திருக்கும் நீர் சிதறி, துளையிலிருந்து வந்ததுபோலத் தெரியும். சுவர் மறைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாட்டிலை நேராக மேலே எறியச் சொல்லுங்கள். மேலே ஏறும்போதும் தண்ணீர் நின்றுதான் இருக்கும். கையை விட்ட நொடியிலிருந்தே அது 'விழுகிறது' என்பதை இதைப் பார்த்த பிள்ளை மறக்காது. கீழே வராத நிலையமும் விழுகிறது என்பதை அதன்பின் ஏற்றுக்கொள்வதும் சுலபம்.

பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும், 'தரையில் இந்த வேலையை எடை செய்துகொடுக்கிறது. அங்கே யார் செய்வது?' என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லட்டும். மனப்பாடம் தேவைப்படாது.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கப்பையைச் சுவரில் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள் என்பது எல்லாச் சார்ட்டிலும் இருக்கும். ஏன் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. இங்கே நாம் விடும் மூச்சு வெதுவெதுப்பானது, லேசானது. தானாக மேலே போய்விடுகிறது. அங்கே லேசு, கனம் என்ற பேதமில்லாததால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும். காற்றோட்டம் நின்றால் தூங்குபவர் தன் கரியமில வாயுவையே திரும்ப இழுத்துத் தலைவலியோடு எழுந்திருப்பார். அதே காற்றோட்டத்தால் இன்னொரு உபயோகமும் உண்டு: கைதவறிய சாமான் மிதந்து மிதந்து, காற்றை உறிஞ்சும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். தொலைந்ததை அங்கேதான் தேடுவார்கள்.

கக்கூஸ் கேள்வி கட்டாயம் வரும், கூச்சப்படாமல் சொல்லட்டும். அங்கே எடைக்குப் பதில் உறிஞ்சும் காற்று வேலை செய்கிறது. சிறுநீருக்கு நுனியில் புனல் வைத்த ஒரு குழாய். புனல் ஆளுக்கு ஒன்று. மலம் பையில் விழுந்து, பை மூடப்பட்டு டப்பாவுக்குள் போகும். சிறுநீரைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்திக் குடிதண்ணீராக்குகிறார்கள். முகம் சுளிப்பவர்களிடம் ஒரு பழுதின் கதையைச் சொல்லலாம். தொடக்க ஆண்டுகளில் இந்தக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டது. எடை தாங்காத எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் கூடுதலாக வந்தது. கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்ஃபேட்டாக, அதாவது ஜிப்சமாகப் படிந்தது. எலும்பு தேய்ந்தது குழாயில் தெரிந்தது! பிறகு அமிலத்தை மாற்றினார்கள். 2023இல் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்கும் நிலை வந்துவிட்டது. எலும்புக்காகத்தான் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி. அது இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு சப்பாத்தி, ஒரு பப்படம், ஒரு முறுக்கு வையுங்கள், எது போகலாம் என்று வருபவர்களையே கேளுங்கள். பப்படத்தை உடைத்தால் உதிரும் தூள் அங்கே தரைக்கு வராது. கண்ணிலும் ஃபேனிலும் போகும். ரொட்டித் துண்டை விட்டுச் சப்பாத்தி மாதிரியான டார்ட்டியாவுக்கு 1980களில் மாறியதற்கு இதுவே காரணம். உப்பைத் தண்ணீரிலும் மிளகை எண்ணெயிலும் கலந்து சொட்டாக விடுவார்கள். கெட்டிக் குழம்பு ஸ்பூனில் ஒட்டி நிற்கும். ரசம் என்றால் பையில் ஸ்ட்ரா போட்டுத்தான், குடித்ததும் ஸ்ட்ராவைக் கிளிப்பால் அடைக்க வேண்டும். உடம்பின் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைப்பதால் ருசி மங்கும். பலர் காரம் கேட்பார்கள். இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் நிலையத்துக்குப் போனபோது கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார். உதிராத, ஒட்டிக்கொள்ளும் பலகாரம், நல்ல தேர்வு.

தண்ணீரின் ஒட்டும் குணத்தை இரண்டாவது செய்முறையாக வையுங்கள். மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடு இரண்டை சோப்பில் கழுவி, சோப்பு போக அலசிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் ஏறாது. ஒருபக்க நீள விளிம்புகள் தொட்டுக்கொள்ள, மறுபக்கம் பழைய ஒயர்த் துண்டு ஒன்று இடைவெளி கொடுக்க, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்த நீரில் நட்டமாக நிறுத்தினால், அகன்ற பக்கம் சில மில்லிமீட்டரும் ஒடுங்கிய மூலையில் பல சென்டிமீட்டரும் ஏறி, வளைந்த கோடாக நிற்கும். இங்கே எடை இழுத்து நிறுத்துகிறது, அங்கே நிறுத்த ஆளில்லை. 2008இல் விண்வெளி வீரர் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒருபக்கம் கூரான மூலை வருமாறு காபிக் கோப்பை செய்தார். காபி அந்த மூலை வழியாகத் தானே உதட்டுக்கு வந்தது. 2013இல் இன்னொரு வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு நிலையத்தில் ஈரத்துணியைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டாமல் கையைச் சுற்றி ஜெல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்தச் சோதனையைச் சொல்லியனுப்பியது இரண்டு பள்ளி மாணவிகள். உங்கள் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

ஒட்டும் தண்ணீர் ஆளையும் கொல்லப் பார்க்கும். 2013 ஜூலை 16 அன்று விண்வெளி வீரர் லூகா பர்மிட்டானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது பின்தலையில் ஈரம் தெரிந்தது. உடைக்குள் குளிர்விக்கும் நீரைக் காற்றிலிருந்து பிரிக்கும் பாகத்தில் துளைகள் அடைத்துக்கொண்டதால், நீர் காற்றோடு தலைக்கவசத்துக்குள் வந்தது. ஒரு லிட்டருக்கு மேல். தரையில் என்றால் கழுத்து வழியாகக் கீழே வடிந்திருக்கும். அங்கே தலையில் படர்ந்து, கண்ணை மூடி, மூக்குக்குள் ஏறியது. கண் தெரியாமல், தன்னைக் கட்டியிருந்த கேபிளின் இழுவையைப் பிடித்தே வாசலுக்குத் திரும்பினார்.

இன்னொரு கேள்வி உங்கள் ஊரில் நிச்சயம்: 'நம்ம நெம்மாராக்காரர் எப்போது போவார்?' சுக்லாவின் 2025 பயணத்துக்கு மாற்று வீரராக இருந்த, நெம்மாராவைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், ககன்யானுக்காக (இந்தியா தானே ஆளை விண்வெளிக்கு அனுப்பும் திட்டம்) 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவர். தேதியைப் பிள்ளைகள் ஊகிக்க வேண்டாம். அதற்குத் தனிச் சார்ட் போடுவதாக இருந்தால் எலும்புத் தேய்மானப் படத்தை அதில் ஒட்டாதீர்கள். திட்டமிட்டிருக்கும் பயணம் மூன்று நாள்தான், அதற்குள் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. மேலே போனவர்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றலில் கழிக்கிறார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததால் வருவது அது. ககன்யான் சார்ட்டில் பெரிதாக எழுத வேண்டியது இதைத்தான்.