சூரியனை பல டெலஸ்கோப் சேர்ந்து பாக்கும்போது அந்த டேட்டாவுக்கு தனி நம்பர் எதுக்கு? தேதியும் நேரமும் போதாதா?

போதாதுங்க. சூரியனை பாக்குற ஹினோடே சேட்டிலைட்டையே எடுத்துக்கோங்க, 2006-ல ஜப்பான் அனுப்புனது, அதுல மட்டும் மூணு டெலஸ்கோப் இருக்கு. வெளிய இருக்குற ஒருத்தர், நாசாவோட சூரிய சேட்டிலைட் ஐரிஸோ தரையில இருக்குற டெலஸ்கோப்போ கூட சேந்து பாக்கணும்னு ப்ரொபோசல் குடுத்து அது ஓகே ஆச்சுன்னா அதுக்கு ஒரு ஹாப் நம்பர் குடுப்பாங்க, ஹினோடே ஆபரேஷன் ப்ளான்னு அர்த்தம். இதுக்கு முன்னாடியே சோஹோங்கற இன்னொரு சூரிய சேட்டிலைட்டுக்கு ஜாப் நம்பர்னு (ஜாயின்ட் அப்சர்விங் ப்ரோக்ராம்) இதே மாதிரி இருந்துச்சு.

நேரத்தை வச்சு தேடுனா அந்த நேரத்துல எடுத்த ஃபைல் எல்லாம் வரும், ஆனா எதை எதோட ஜோடி சேக்கணும், எதுக்காக எடுத்தாங்கன்னு அதுல தெரியாது. ஃபைலோட ஹெடர்லயும் (ஃபைல் ஆரம்பத்துல வர்ற விவரக் குறிப்பு) அப்சர்வேஷன் லாக்லயும் அந்த நம்பர் இருந்தா, பத்து வருஷம் கழிச்சு வர்ற ஸ்டூடண்ட் கூட அதை வச்சு ப்ளானை தேடி படிச்சுக்கலாம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

ஒண்ணு கவனிங்க, நம்பர் ப்ளானுக்குத்தான், ஒரு நாளுக்கு இல்ல. ஹாப் 79 வடக்குலேந்து தெற்கு வரைக்கும் சூரியனை ஸ்கேன் பண்றது, அதை திரும்பத் திரும்ப ஓட்டுறாங்க, அதனால நம்பரோட தேதியும் சேத்துதான் தேடணும். சூரியப்புள்ளி கூட்டத்துக்கு நோவாங்கற அமெரிக்க அரசு அமைப்பு குடுக்குற நம்பர் வேற, 2006 டிசம்பர் 13-ல பெரிய ஃப்ளேர் (சூரிய வெடிப்பு) வந்த 10930 மாதிரி, அது இடத்தோட பேரு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.