அழவே அழாத குழந்தை: சில கேள்விகள்

பெற்றோர் இல்லாமலோ, பெற்றோரிடம் இருக்க முடியாமலோ வளரும் சின்னக் குழந்தைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஊர், பெயர் எதுவும் போடவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

தத்து மையத்தில் ஆயாவாக இருக்கிறேன். ஒன்பது மாதப் பையன் ஒருத்தன் இன்னும் பிடிக்காமல் உட்காரவில்லை. ஆனால் அழவே மாட்டான், ரொம்ப சமத்து. கேட்டால், "எட்டு மாதத்தில் பிறந்தவன், மெதுவாகத்தான் வரும்" என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா மேடம்?

முதலில் கணக்கு. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இவனுக்கு எட்டு மாதம்தான். பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் கிட்டத்தட்ட நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை இடம் கொடுக்கிறது. உட்காராததை மட்டும் வைத்துச் சொன்னால் அவன் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறான்.

என்னை உறுத்துவது நீங்கள் பாராட்டாகச் சொன்னதுதான். எட்டு மாதக் குழந்தை பசித்தால் அழும், ஈரமானால் அழும், தூக்குகிற ஆள் மாறினால் அழும். அழாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருக்கும் குழந்தை அதிகம் அழாது, தூங்கிக்கொண்டே இருக்கும், மலச்சிக்கல் இருக்கும். பார்க்கிறவர்கள் "நல்ல பிள்ளை" என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் சரிசெய்யலாம். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும், அந்த இழப்பைப் பின்னால் முழுதாக மீட்க முடியாது. தசைத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், எவ்வளவு அழுதாலும் ஆள் வராது என்று அவன் கற்றுக்கொண்டிருக்கலாம். பத்துத் தொட்டிலுக்கு இரண்டு ஆயா இருக்கும் இடத்தில் இது நடக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

இந்த வாரமே காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இதற்காக மாவட்ட அளவில், வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கண்டு கவனிக்கும் இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தலைமை மருத்துவமனையிலோ. (வாசலில் "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேளுங்கள். தமிழ்ப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்.) குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கண்காணிப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, கூடவே நீங்களும் போங்கள். ஆயாதானே என்று ஒதுங்க வேண்டாம். வீட்டில் வளரும் பிள்ளைக்கு "போன மாசம் இப்படி இல்லையே" என்று சொல்ல ஒரு அத்தையோ பாட்டியோ இருப்பார்கள். இவனுக்கு நீங்கள்தான்.

நாங்கள் மையம் நடத்துகிறோம். இருபது மாதப் பெண் குழந்தை இன்னும் நடக்கவில்லை. தெரபிக்கு அனுப்பினால் ‘சிறப்புத் தேவை’ என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் உள்ளூரில் யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு அனுப்பலாமா?

வேண்டாம், இப்போதே அனுப்புங்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றாலே காட்ட வேண்டும்.

உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் வருடக்கணக்கில் காத்திருப்பதை நானும் பார்க்கிறேன். ஆனால் தெரபிக்கு அனுப்புவது வேறு, அந்த வகையில் சேர்ப்பது வேறு. தூக்கிப் பேச ஆளில்லாமல் பின்தங்கிய குழந்தைகளில் பலர், கவனிப்பும் பயிற்சியும் கிடைத்ததும் பிடித்துக்கொண்டு மேலே வருவார்கள். அனுப்பாமல் வைத்திருந்தால்தான் சாதாரணத் தாமதம் நிரந்தரக் குறையாக ஆகிவிடும்.

ருமேனியாவில் புக்காரெஸ்ட் நகரத்தில் 2000-இல் தொடங்கிய ஒரு ஆய்வு உண்டு. காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி நன்றாக இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். நீங்கள் கேட்கும் ஆறு மாதம், உங்கள் குழந்தையை அந்த இரண்டு வயதைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னொன்று. தத்தெடுக்கும் பெற்றோர், குழந்தையின் மருத்துவ அறிக்கையைத் தங்களுக்குப் பிடித்த மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம் என்று விதியே இருக்கிறது. மறைத்தாலும் அங்கே வெளிவரும். அங்கே தப்பினால் வீட்டுக்குப் போன பிறகு வரும். அப்படி ஏமாந்த ஒரு தம்பதி குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதைப் பார்த்திருக்கிறேன். பையில் புது கவுன், அவர்கள் வைத்த பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில். மறுபடி அது வேண்டாம்.

மகள் இறந்துவிட்டாள், மருமகன் சிறையில். பேரனை நான் வளர்க்கிறேன். இரண்டரை வயது, ‘தா’, ‘வா’ தவிர பேச்சில்லை. எங்கள் வீட்டில் ஆம்பளைப் பிள்ளைகள் எல்லாம் லேட்டாகத்தான் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹோமில் சேர்க்கச் சொல்வார்களோ என்று பயம்.

பயப்படாதீர்கள் அம்மா. காப்பகம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. பாட்டியிடம் இருக்கும் குழந்தையை, பேச்சு வரவில்லை என்பதற்காக யாரும் பிரிக்க மாட்டார்கள்.

முதலில் காது. கதவைச் சாத்தினால் திரும்புகிறான் என்பது போதாது. கனத்த சத்தம் கேட்டும் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலி கேட்காத பிள்ளைகள் உண்டு. ‘பெரா’ என்று ஒரு பரிசோதனை, தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். கேட்கும் திறன் ரொம்பக் குறைவு என்று தெரிந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்த வழி இருக்கிறது. ஆனால் அது ஆறு வயதுக்குள். காது சரியாக இருந்தால் பேச்சுப் பயிற்சி. போனைக் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள், சோறு ஊட்டும்போது காக்காவைக் காட்டிப் பேசுங்கள்.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், இப்படி உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தையை ஃபாஸ்டர் கேரில் (தற்காலிக வளர்ப்புக் குடும்பமாக) எடுத்திருக்கிறோம். குழந்தையின் வளர்ச்சியைப் பரிசோதிக்கக் கேஸ் வொர்க்கர் எதுவும் செய்யவில்லை.

காத்திருக்காமல் உங்கள் மாநிலத்தின் ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ (மூன்று வயதுக்குட்பட்டவர்களின் வளர்ச்சித் தாமதத்துக்கு உதவும் சேவை) அலுவலகத்தை நீங்களே கூப்பிடுங்கள். கொடுமையோ புறக்கணிப்போ உறுதியான மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை ‘ஏர்லி இன்டர்வென்ஷனுக்கு’ப் பரிந்துரைக்க ஒவ்வொரு மாநிலமும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2003-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. பரிந்துரை போய்ச் சேர்ந்த 45 நாளுக்குள் மதிப்பீட்டையும் முதல் திட்டக் கூட்டத்தையும் முடிக்க வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. மூன்றாவது பிறந்தநாளோடு இந்தச் சேவை பொதுவாகப் பள்ளி மாவட்டத்துக்கு மாறிவிடும், அதனால் இந்த மாதமே தொடங்குங்கள்.

சமூகப் பணியாளராக இருக்கிறேன். குழந்தையை வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் தெரபி அதோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. ஃபைல் போகும், ஆனால் குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு மட்டும்தான் அதில் இருக்கும். பிறந்த எடை, எத்தனையாவது வாரம், பிறந்ததும் அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள், வலிப்பு வந்ததா: இந்த ஐந்தையும் பிறந்த மருத்துவமனையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கிடைக்காது. தெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை, ஆயா செய்யும்போது வீடியோ எடுத்து, புதிய இடத்தில் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளுக்கு அனுப்புங்கள். புது ஊரில் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி வாங்காமல் வண்டி ஏற்ற வேண்டாம்.

குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் அவசரம். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் கீழோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தவறினால் பார்வையே போய்விடலாம். கைவிடப்பட்ட குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து மையத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கண் பரிசோதனைத் தேதியை ஃபைல் உள்ளே வைக்காமல், அட்டை மேலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.