நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், ஆனால் வேகம் கூடவில்லை. அடுத்து என்ன செய்வது?

நான்கு மாதம் நடையும் ஓட்டமுமாகப் பழகி, இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். 34 நிமிடம் ஆகிறது. ஒரு மாதமாக அந்த 34 அசையவில்லை, தினமும் இன்னும் முக்கி ஓட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மெதுவாக ஓடுங்கள். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

நான் திருவாரூர்க்காரன். ஓடத் தொடங்கியபோது வயது 43. கமலாலயக் குளத்தைச் சுற்றித்தான் ஓட்டம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்பது ஊர்ப் பேச்சு. ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். கரைத் தெருவில் ஒரு சுற்று ஓடினால் என் கைபேசிக் கணக்கில் ஒன்றரை கிலோமீட்டர் வரும். நேற்றைவிடப் பத்து வினாடியாவது குறைய வேண்டும் என்று தினமும் என்னோடு நானே பந்தயம் கட்டினேன். மொபெட்டில் போன பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "பஸ்ஸை விட்டுவிட்டாயா தம்பி, ஏறிக்கொள்" என்றார். அப்படி ஒரு முகத்தோடு ஓடியிருக்கிறேன். ஏழாவது வாரம் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்ளோரத்தில் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓடினேன், பிறகு ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன்.

மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். உங்கள் நெஞ்சு இப்போது முன்னே ஓடுகிறது, கால் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. நடவு முடிந்த வயலைப் பார்த்திருப்பீர்கள். பறித்து நட்ட நாற்று முதலில் வெளிறி நிற்கும், வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். யூரியாவை அள்ளி வீசினால் தளதளவென்று வளரும், ஆனால் பெருங்காற்று வந்தால் சாய்ந்துவிடும்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். மூன்று நாள், கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். துணை இல்லையென்றால் தெரிந்த தேவாரத்தில் ஓரடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடி முடியுமுன் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு ஏழரை முதல் எட்டு நிமிடமாக இருக்கலாம். நான்காவது நாள் அதே வேகத்தில் நீண்ட ஓட்டம்: 6, 7, 8 என்று வாரம் ஒரு கிலோமீட்டராகக் கூட்டி, நான்காம் வாரம் 5-க்கு இறங்கிவிடுங்கள், பிறகு மறுபடி ஏறுங்கள். பத்து வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் ஒரு நிமிடம் நடந்தால் தோல்வி என்று நினைக்கிறவர்கள்தான் சீக்கிரம் காயப்படுகிறார்கள்.

ஆறு வாரம் போன பிறகு, மெதுவான ஓட்டம் ஒன்றின் கடைசியில் 20 வினாடி விரைவோட்டம் நான்கு முறை சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு அடங்கும்வரை நடக்க வேண்டும். அது பழகி ஒரு மாதம் ஆனதும், வாரத்தில் ஒரே ஒரு நாள் கடினமாக ஓடலாம். ஒரு கிலோமீட்டர் விரைவாக, மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று முறை. மூன்றாவதும் முதலாவதன் வேகத்திலேயே முடிய வேண்டும், முடியவில்லை என்றால் முதலாவதில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மேடு ஏறி ஓடுவதும் காலுக்கு நல்லது, ஆனால் நம் பக்கத்தில் மேடு எங்கே இருக்கிறது? ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தையும் கரைச் சரிவையும் விட்டால் வேறு கதியில்லை.

கடிகாரத்தை வெயில் காலத்தில் நம்பாதீர்கள். சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே புழுக்கம். வேர்வை காயாது, உடல் குளிராது, இதயம் வேகமாக அடிக்கும். அன்று நேரம் கூடினால் நீங்கள் பின்தங்கிவிட்டதாக அர்த்தமில்லை. மாறாத வெக்கைக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், அதன்மேல் கால் வைத்தால் வழுக்கும், காயப்போட்டவரிடம் வசவும் கிடைக்கும். வாகனம் எதிரே வரும் பக்கமாக, அதாவது வலப்புறமாக ஓடுங்கள். வரப்பில் ஓட ஆசைப்படாதீர்கள், கணுக்கால் பிசகிவிடும்.

வலியைப் பற்றி ஒன்று. முன்னெலும்பின் உள்ளோரம் நெடுக வலித்து, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். பெருவிரலால் அழுத்தும்போது நாணயம் அளவு ஓர் இடம் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நான் அந்த இரண்டு வாரத்தை வீணாக்கியது இது தெரியாமல்தான்.

இப்போது ஆவணி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையில் பத்து நாளாவது போய்விடும். அதற்காக மறுவாரம் இரட்டிப்பாக ஓடிச் சரிக்கட்ட வேண்டாம். மார்கழிக் கடைசியில், பனி விலகாத ஒரு காலையில், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு அதே 5 கிலோமீட்டரை முழு முயற்சியோடு ஓடுங்கள். நேரத்தை அன்றைக்குப் பாருங்கள், அதற்கு முன்னால் பார்க்காதீர்கள்.