வீட்டு சர்வர் வெளியே தெரியலையா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, ரவுட்டர்ல வெப்சைட்டுக்கான 80, 443 போர்ட் ரெண்டையும், என் தளம் ஓடுற ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டேன். வெளியிலிருந்து திறக்கவே மாட்டேங்குது. மூணு நாளா போராடுறேன்.

பதில்: தம்பி, போர்ட்டை அப்புறம் பார்க்கலாம். ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல ‘வான் ஐபி’ன்னு, இன்டர்நெட் பக்கம் அதுக்குக் கிடைச்ச முகவரி எண் ஒண்ணு இருக்கும். ‘என் ஐபி என்ன’ன்னு கூகுள்ல தேடினா வர்ற எண்ணும் அதுவும் ஒண்ணான்னு பார். வேறயா இருந்து, ரவுட்டர்ல இருக்கிறது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல தொடங்கினா நீ சிஜிநாட்ங்கிற (CGNAT) ஏற்பாட்டுக்குள்ள இருக்கே. அதாவது இன்டர்நெட் கம்பெனிக்காரங்க ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்க. ஐபிவி4-ங்கிற பழைய முகவரி முறையில மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். உலகம் முழுக்க ஐபி முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஐயானாகிட்ட இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோச்சு. வெளியிலிருந்து வர்ற இணைப்பு கம்பெனிக்காரங்க பெட்டியோட நின்னுடும், உன் ரவுட்டர் வரைக்கும் வராது.

கம்பெனிகிட்ட ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உனக்கு மட்டுமான மாறாத பொது முகவரி, கேட்டு வாங்கலாம். ஐபிவி6-ங்கிற புது முகவரி முறை இருந்தா ரவுட்டர் ஃபயர்வால்ல அனுமதி கொடுத்து அதுல ஓட்டலாம். பார்க்கிறவங்ககிட்டயும் ஐபிவி6 இருக்கணும். ரெண்டும் முடியலைன்னா டன்னல்: வீட்டிலிருந்து நாமே ஒரு வெளி சர்வருக்கு இணைப்பு போட்டு, வர்றவங்களை அது வழியா உள்ளே விடுறது. எதைத் திறந்தாலும், தூரத்துல இருந்து லாகின் பண்ற எஸ்எஸ்எச்சோட 22-ம் போர்ட்டைத் திறக்காதே.

கேள்வி: என் ஐபி அடிக்கடி மாறுதே?

பதில்: டக்டிஎன்எஸ் போடுங்க, எண் மாறினாலும் ஒரே பெயர் புது எண்ணைக் காட்டும். இலவசம்.

கேள்வி: வீட்டு வைஃபையில என் டொமைனைத் திறந்தா ரவுட்டர் லாகின் பக்கம் வருது.

பதில்: வீட்டுக்குள்ள இருந்து சோதிக்காதீங்க. வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க.

கேள்வி: போர்ட் திறந்தும் வரலை சார்.

பதில்: முதல் பதிலைப் படிங்க. வான் ஐபி.

கேள்வி: கிளவுட்ஃபிளேர் டன்னல் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. எதுக்கு இவ்வளவு சுத்தணும்?

பதில்: வேலை சுலபம்தான். ஆனா அங்கே உங்க எச்டிடிபிஎஸ் பூட்டு (ரகசியக் குறியாக்கம்) அவங்க சர்வர்ல பிரிக்கப்பட்டு, அப்புறம்தான் தகவல் வீட்டுக்கு வருது. சமையல் குறிப்புத் தளம்னா தாராளமா போடுங்க. குழந்தைங்க போட்டோ, மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் நான் அப்படி அனுப்ப மாட்டேன். சின்ன விபிஎஸ், அதாவது வாடகை சர்வர் எடுத்து, வயர்கார்டுங்கிற விபிஎன் வழியா 443-ஐப் பிரிக்காம அப்படியே வீட்டுக்கு அனுப்புறேன். சான்றிதழோட சாவி என் ராஸ்பெர்ரி பைல மட்டும்தான் இருக்கு.

அவரே: அதுக்கு மாசாமாசம் காசு வேணுமே. படிக்கிற பசங்க எங்கே போவாங்க?

பதில்: நியாயம். அவங்களுக்கு டன்னல்தான் சரி. யார் பிரிச்சுப் பார்க்க முடியும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடட்டும், அவ்வளவுதான் நான் கேட்கிறது.

கேள்வி: ஆபீஸ்ல இருந்து எஸ்எஸ்எச் பண்ண 22 திறக்கலாமா? பாஸ்வேர்ட் கஷ்டமானதுதான்.

பதில்: வேண்டாம். ஒரு ராத்திரி திறந்து வெச்சேன். காலையில லாக் முழுக்க ரூட், அட்மின்னு யார் யாரோ தட்டியிருந்தாங்க. வயர்கார்ட் வழியா உள்ளே வாங்க, பாஸ்வேர்ட் லாகினை நிறுத்திட்டு கீ (சாவிக் கோப்பு) வைங்க.

முதல்ல கேட்ட தம்பி: அண்ணா, 100.72-ன்னு இருக்கு.

பதில்: சிஜிநாட்டேதான். ஸ்டேட்டிக் ஐபிக்கு என்ன கட்டணம்னு கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளு. தொகையைச் சொல்லு, விபிஎஸ் வாடகையோட ஒப்பிட்டுப் பார்ப்போம்.