தோட்டா சிக்குகிறது, கேஸ் தூரப் பறக்கிறது: 1911 பிஸ்டலில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என் 5 அங்குல பேரல் (குழல்) கொண்ட .45 ரக 1911-இல் 4,000 தோட்டாக்கள் சுட்டாயிற்று. ஐந்தாறு அடியில் விழுந்த காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் உறை) இப்போது பத்து அடிக்கு மேல் பறக்கிறது. சில நேரம் சிக்கவும் செய்கிறது. பேரல் தேய்ந்துவிட்டதா?

பேரலைச் சந்தேகிக்க வேண்டாம். கேஸ் தூரப் பறப்பது ரீகாயில் ஸ்பிரிங்கைக் காட்டுகிறது; சுட்டதும் பின்வரும் ஸ்லைடைத் (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) தாங்கி முன்னே தள்ளும் ஸ்பிரிங் அது. அது தளர்ந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்வந்து ஃபிரேமில் (பிஸ்டலின் அடிச்சட்டம்) மோதும். கேஸும் அதே வேகத்தில் தெறிக்கும். 5 அங்குல .45-க்கு வழக்கமான ஸ்பிரிங் விசை 16 பவுண்டு. 2,000 முதல் 3,000 தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: புது ஸ்பிரிங்கே முதல் சில அழுத்தங்களில் கொஞ்சம் சுருங்கும். அதனால் அதைச் சில முறை இயக்கிவிட்டே ஒப்பிடுங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி) ஸ்பிரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள், விலை அற்பம்.

'கனமாகவே போட்டுவிடலாமே' என்று 20 பவுண்டுக்குத் தாவாதீர்கள். ஸ்லைடு முன்னோக்கி அறைந்து மூடும். மேகசின் (தோட்டாப் பெட்டி) அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் ஸ்லைடு முந்திவிடும். சிக்கல் கூடும்.

சிக்குவதற்கு ரீகாயில் ஸ்பிரிங்கைவிட மேகசினும் எக்ஸ்ட்ராக்டருமே (கேஸின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) அதிகம் காரணம். மேகசின்களுக்கு எண்ணிட்டு, எதில் சிக்குகிறது என்று குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதன் ஸ்பிரிங் போயிற்று, அல்லது உதடு (தோட்டாவைப் பிடிக்கும் மேல் விளிம்பு) விரிந்திருக்கிறது. நிரப்பி வைத்திருப்பதால் மேகசின் ஸ்பிரிங் அவ்வளவு கெடாது. நிரப்பிக் காலி செய்வதே தேய்க்கும்.

வழக்கமான 1911-இன் எக்ஸ்ட்ராக்டருக்குத் தனி ஸ்பிரிங் கிடையாது. அதன் எஃகுக் கம்பியின் வளைவே பிடிமானம். மேகசினை எடுத்து, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, ஸ்லைடைக் கழற்றுங்கள். போலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கிக்குள் கீழிருந்து நுழையுங்கள். விரலால் எளிதாக ஏற வேண்டும்; லேசாக ஆட்டினாலும் விழக்கூடாது. விழுந்தால் வளைவு தளர்ந்துவிட்டது. சேம்பரில் தோட்டாவைக் கையால் போட்டு ஸ்லைடை விடும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம்: கொக்கி விளிம்பின் மேல் ஏறித் தாவ வேண்டியிருக்கிறது.

பேரலின் மேல் லக்குகளின் (ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் மேடுகள்) முனை மழுங்கியோ நசுங்கியோ இருந்தால் சுடுவதை நிறுத்தி, லிங்க்கின் (பேரலை ஃபிரேமோடு இணைக்கும் சிறு கண்ணி) பொருத்தத்தை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டுங்கள். ஃபிரேமின் இடப்பக்கம், ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்புகோல்) வெட்டுக்கு மேலுள்ள மெல்லிய பாலத்தில் விரிசல் தெரிந்தால் பதறாதீர்கள். 10 மிமீ தோட்டாவுக்கான 1911 வகையான டெல்டா எலைட்டில் அங்கு விரிசல் விட்டதால், அதைத் தயாரித்த கோல்ட் (Colt) நிறுவனமே பின்னாளில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டது. ஆனால் ஸ்லைடில் விரிசல் என்றால் கதை வேறு. அதன் பிறகு ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.