மேடையில் ஒரு கொலை: உங்கள் கேள்விகள்

நாடகம் போடுகிறவர்கள் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொலை மர்ம நாடகம் பற்றித்தான். காரணம் புரிகிறது. ஒரே அறை செட், எட்டுப் பத்துப் பாத்திரங்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய சமமான வேலை, பாட்டும் நடனமும் வேண்டாம். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிற அமெச்சூர் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். உள்ளே இறங்கிய பிறகுதான் அதில் எவ்வளவு நுணுக்கமான கணக்கு இருக்கிறது என்று தெரியும். கேள்விகளுக்குப் போய்விடலாம்.

கேள்வி: கொலையாளியாக நடிப்பவருக்கே கடைசி வாரம் வரை அதைச் சொல்லாமல் ஒத்திகை நடத்தினால் என்ன? முகத்தில் தெரியாது அல்லவா? (முதல்முறை இயக்கும் வாசகர்)

பதில்: வேண்டாம். தனக்கே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி மறைப்பார்? கொலையாளி ஒவ்வொரு காட்சிக்குள்ளும் ஒரு வேலையோடுதான் நுழைகிறார். சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பிடிக்க வேண்டும், பேச்சு மாடிப்படிப் பக்கம் போனால் திருப்பிவிட வேண்டும். இதெல்லாம் நடிகரின் மனதில் முதல் நாளிலிருந்தே ஓடினால்தான் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் வரும்.

நான் செய்து பார்த்து பலன் கண்ட ஒரு வழி சொல்கிறேன். வசனப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கொலை நடந்த அந்த அரைமணி நேரத்தில் உன் பாத்திரம் எங்கே இருந்தது, என்ன செய்தது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள், நிமிஷக் கணக்காக. ஒருமுறை எங்கள் ஒத்திகையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மாடிப்படியில் இறங்கியதாகச் சொன்னார்கள்! அதுவரை நான்கு வாரமாக யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டுமே என்று பேச ஆரம்பித்து, அந்தக் காட்சி முழுவதையும் புதிதாகப் போட்டோம்.

அப்புறம், பொய் சொல்கிற இடங்கள். புது நடிகர்கள் பொய்யைப் பொய்யாகவே நடித்துவிடுவார்கள், கண்ணைத் தாழ்த்துவார்கள், விரலைப் பிசைவார்கள். நிஜத்தில் பொய் சொல்கிறவர் எதிரில் இருப்பவரை நம்பவைக்கத்தான் படாதபாடு படுவார். ஆகவே அந்த வசனத்தை உண்மையைச் சொல்வது போலவே சொல்லட்டும். பார்வையாளர் திசை தவறிப் போகலாம், தப்பில்லை. ஆனால் நாம் அவரை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு வரக் கூடாது. நாளைக்கே இன்னொரு முறை வந்து பார்க்கிறவருக்கு, அட, இவர் முதல் காட்சியிலிருந்தே இப்படித்தானே இருந்தார் என்று ஒவ்வொன்றும் பொருந்தி வர வேண்டும். இந்த வகை நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே அந்த நேர்மைதான்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் வசனத்தை மறந்துவிட்டுச் சொந்தமாகப் பேசிச் சமாளிப்பவர். மற்ற நாடகங்களில் பிரச்சினை வரவில்லை. இதில் பயமாக இருக்கிறது. (ஒத்திகையில் வசனம் எடுத்துக்கொடுப்பவர்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. குடும்ப நாடகத்தில் பத்து வரி விட்டுப்போனாலும் கதை நகரும். இங்கே ஒரு வார்த்தை போதும். ஒரு நாடகத்தில் நான் துப்பறிபவராக நடித்தேன். இரண்டாம் அங்கத்தில் எதிரே நின்றவர் ‘அப்போது மணி எட்டே கால்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒன்பதே கால்’ என்று சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது, ஆனாலும் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். மூன்றாம் அங்கத்தில் நான் விளக்கிய கணக்கு முழுவதும் எட்டே காலை நம்பி இருந்தது. நாடகம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா தேடி வந்து, “ஒன்பதே காலுக்கு அவர் வீட்டிலேயே இல்லையே தம்பி, அப்புறம் எப்படி?” என்று கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டு, கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாங்கள் தவறான கணக்கைக் கொடுத்துவிட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. “எட்டே காலா, ஒன்பதே காலா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்” என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். துப்பறிபவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் யாருக்கும் உறுத்தாது, அவர் வேலையே அதுதானே. எதிரில் இருப்பவரும் சுதாரித்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு நான் எந்த மர்ம நாடகத்தில் இருந்தாலும் முதல் வேலையாக, துப்பு வருகிற வசனங்களை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதி எடுத்துவிடுவேன். சாதாரணமாகப் பதினைந்து, இருபது வரும். எந்த அங்கம், யார் சொல்வது, விட்டுப்போனால் யார் கேட்டு வாங்குவது, மூன்றுமே அதில் இருக்கும். அந்த வரிகளை எல்லோருமே மனப்பாடம் செய்ய வேண்டும், தன் வசனம் இல்லை என்று யாரும் ஒதுங்கக் கூடாது. சொந்தமாகப் பேசிச் சமாளிக்கும் உங்கள் நண்பரிடமும் இந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் அவர் சமாளிக்கட்டும், இந்த வரிகளில் மட்டும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்று அன்பாகவே சொல்லுங்கள். பொறுப்பைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடுவார்கள்.

துப்பைச் சொல்கிற விதத்திலும் ஒன்று உண்டு. அந்த வரியில் குரலை அழுத்தினால் கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து உட்காரும். காதில் விழாமல் முணுமுணுத்தால் அது மோசடி. தெளிவாகச் சொல்லிவிட்டு, உடனே ஒரு கதவு திறக்கட்டும், யாராவது தேநீர்த் தட்டோடு உள்ளே வரட்டும். கேட்டது காதில் இருக்கும், கவனம் வேறு பக்கம் போய்விடும்.

கேள்வி: புயல் இரவு. மழைச் சத்தம் நாடகம் முழுவதும் ஓட வேண்டுமா?

பதில்: வேண்டாம். காட்சி தொடங்கும்போது நன்றாகக் கேட்கட்டும், பேச்சு ஆரம்பித்ததும் மெல்லத் தணித்துவிடுங்கள், கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வீச்சு ஏற்றுங்கள். போதும்.

கேள்வி: மூன்றாம் அங்கத்தில் துப்பாக்கிச் சூடு. தெரிந்தவர் ஒருவர் குண்டில்லாமல் சத்தம் மட்டும் போடுகிற தோட்டா வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆபத்தில்லை என்கிறாரே? (மேடைப் பொருள்கள் பொறுப்பாளர்)

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். குண்டு இல்லாவிட்டாலும் குழல் வாயிலிருந்து நெருப்பும் வாயுவும் பெரிய அழுத்தத்தோடு வெளியே வரும். 1984-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர், படப்பிடிப்பு இடைவெளியில் அப்படிப்பட்ட தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். அந்த அழுத்தத்திலேயே மண்டை ஓடு உடைந்து, சில நாளில் இறந்துபோனார்.

எதுவுமே சுடாத பொம்மைத் துப்பாக்கி, சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து, அவ்வளவுதான். பார்வையாளரை அதிர வைப்பது துப்பாக்கி இல்லை, சத்தம் கேட்டதும் மேடையில் மற்றவர்கள் எப்படி உறைந்து நிற்கிறார்கள் என்பதுதான், அதை ஒத்திகை பாருங்கள். பொம்மையாக இருந்தாலும் பூட்டி வைத்து, சாவியை ஒரே ஆளிடம் கொடுங்கள். காட்சிக்கு முன் அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், முடிந்ததும் அவரே திரும்ப வாங்க வேண்டும். நேராக யார் மேலும் நீட்டாமல் ஓரடி தள்ளிக் குறி வையுங்கள், கீழேயிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கத்திக்கும் இதே விதிதான். கத்தி பிடிக்குள் மடங்கும் பொம்மைக் கத்தியை நம்பி ஓங்கிக் குத்தாதீர்கள், சிக்கிக்கொண்டால் உள்ளே போகாது.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் நாடகம் பழசுதானே, நாங்களே மொழிபெயர்த்துப் போடலாமா?

பதில்: அனுமதி வாங்கிவிட்டுப் போடலாம். கிறிஸ்டி இறந்தது 1976 ஜனவரியில். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை என்று வைத்திருக்கும் நாடுகளில் 2036 முடியும்வரை, 70 ஆண்டு என்று வைத்திருக்கும் நாடுகளில் 2046 முடியும்வரை அது உயிரோடு இருக்கும். அவர் நாடகங்களுக்கு உரிமம் தருவது கன்கார்ட் தியேட்ரிகல்ஸ் என்ற நிறுவனம். மேடையேற்றும் உரிமை வேறு, மொழிபெயர்க்கும் உரிமை வேறு, இரண்டையும் கேட்க வேண்டும். வசனத்தை வெட்டுவதற்கும் பாத்திரத்தை ஆணிலிருந்து பெண்ணாக மாற்றுவதற்கும்கூடக் கேட்டுவிடுங்கள். தொழில்முறைக் குழு ஒன்று அதே நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தால் அமெச்சூர் குழுவுக்கு மறுத்துவிடுவதும் உண்டு, அதனால் செட் போடும் முன், பாத்திரம் பிரிக்கும் முன்பே எழுதுங்கள்.

கேள்வி: ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ போட ஆசை. நாவலில் ஒருவரும் மிஞ்சுவதில்லை, நாடகத்தில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. நாவல் 1939-ல் வந்தது. 1943-ல் அதை லண்டன் மேடைக்கு மாற்றி எழுதியவரும் கிறிஸ்டிதான். எல்லோரும் இறந்துவிட்டால் நடந்ததைச் சொல்ல மேடையில் ஆள் இருக்காது. நாவலில் அந்தச் சிக்கலைக் கடைசியில் ஒரு கடிதம் தீர்த்துவிடுகிறது, மேடையில் கடிதத்தை யார் படிப்பது? கதைக்கு ஆதாரமான குழந்தைப் பாட்டுக்கே இரண்டு முடிவு உண்டு. ஒன்றில் கடைசி ஆள் தூக்குப் போட்டுக்கொள்கிறான், இன்னொன்றில் கல்யாணம் செய்துகொள்கிறான். நாடகத்துக்கு அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். வெளியே போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது, அரங்கை விட்டுப் போகிறவர்களுக்கு யாராவது இருவராவது உயிரோடு தேவைப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். 2005-ல் லண்டனில் வந்த புதிய வடிவம் நாவலின் முடிவுக்கே திரும்பியது.

என்னைக் கேட்டால் இருண்ட முடிவுதான் கதையின் எலும்போடு ஒட்டுகிறது. ஆனால் கையிலிருக்கும் பிரதியில் எது இருக்கிறதோ, உங்களுக்கு எதற்கு அனுமதி கிடைத்ததோ, அதைப் போடுங்கள். இரண்டையும் கலந்து நீங்களாக ஒரு மூன்றாவது முடிவு எழுத வேண்டாம்.

கேள்வி: ஒத்திகை பார்க்க வந்தவர்கள் பிணத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார்கள். பேசாமல் நகைச்சுவையாகவே மாற்றிவிடலாமா? (இரண்டாவது முறை இயக்கும் வாசகி)

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. அலறல் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கதவைத் திறந்தவர் பிணத்தைப் பார்த்த அடுத்த நொடியே கத்தினால் சிரிப்புத்தான் வரும். முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, பிறகு புரிகிறது, பிறகுதான் குரல் வருகிறது. நடுவில் மூன்று எண்ணும் அளவுக்கு அமைதி விட்டுப் பாருங்கள். இன்னொன்று, இறந்துபோனவரை யாராவது ஒருவர் நிஜமாகவே நேசித்திருக்க வேண்டும். ஒருவர் முகத்திலாவது துக்கம் இருந்தால் அரங்கம் அடங்கிவிடும்.

கேள்வி: முடிவைச் சொல்லாதீர்கள் என்று மேடையில் அறிவிப்பது அவசியமா? இந்தக் காலத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

பதில்: கேட்பார்கள். கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ 1947-ல் அரைமணி நேர வானொலி நாடகமாக ஆரம்பித்து, 1952 நவம்பர் 25 அன்று லண்டன் மேடைக்கு வந்தது. எட்டு மாதம் ஓடலாம் என்பது கிறிஸ்டியின் மதிப்பீடு. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து அரங்கை மூடும்வரை ஓடிக்கொண்டே இருந்தது, 2021 மே மாதம் மறுபடி தொடங்கியது. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் பார்வையாளரைக் கேட்டுக்கொள்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும், இருந்தும் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. அறிவிப்பை இயக்குநர் செய்ய வேண்டாம், கொலையாளியாக நடித்தவரே முன்னால் வந்து கேட்டுக்கொள்ளட்டும். அவர் கேட்டால் மறுக்க மனம் வராது.

கேள்வி: எனக்கு முதல் அங்கத்திலேயே சாவு. பதினெட்டு நிமிஷம் மேடையில் பிணமாகக் கிடக்க வேண்டும். இருமல் வந்தால்? கைதட்டலுக்கு எழுந்து வரலாமா? (பிணமாக நடிக்கும் வாசகர்)

பதில்: கட்டாயம் வரலாம். நீங்கள் அசையாமல் கிடப்பதை நம்பித்தான் மற்றவர்கள் பேசுவதெல்லாம் எடுபடுகிறது. விழும்போது முகம் பார்வையாளருக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்படி, கொஞ்சம் ஒருக்களித்து, வயிறு தரைப் பக்கம் இருக்கும்படி விழப் பழகுங்கள். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் பிறகு பெரிதாக இழுக்க வேண்டி வரும், தோள் தூக்கிக் காட்டிவிடும். வயிற்றால் சின்னச் சின்னதாக விட்டால் வெளியே தெரியாது. ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஐந்தாவது நிமிஷமே மரத்துப்போகும், அதை முதல் ஒத்திகையிலேயே சரி பார்த்துவிடுங்கள். ஏறுவதற்கு முன் வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடியுங்கள். அப்படியும் இருமல் வந்துவிட்டால் இடிச் சத்தம் எப்போது வருகிறது என்று தெரிந்து வைத்திருங்கள், ஒலி பார்க்கிறவரிடமும் சொல்லி வையுங்கள். முடிந்ததும் உள்ளே போய் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், அப்படியே வந்து வரிசையில் எல்லோரோடும் கைகோத்து நில்லுங்கள்.